அய்யலூர்ச் சந்தைக்கு நாற்பது விநாடி முன்னால்

1

போன வியாழக்கிழமை, பிரிஸ்பேன் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டின் முதல் நாள் ஆட்டத்தை நேரில் பார்த்தேன். நிழலான இருக்கை. பக்கத்தில் என் மகள் நஸ்ரின். மடியில் என் மனைவி ஆமினா கட்டிக் கொடுத்த தக்காளிச் சோறும் அவித்த முட்டையும். இதை ஊரிலிருந்து வாசிக்கிற நீங்கள், 'கொடுத்து வைத்த மனுசன்' என்று சொல்லிக்கொள்வீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் அன்று காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரைக்கும் பொறாமையில் வயிறெரிந்து உட்கார்ந்திருந்தேன்.

பொறாமை என் தம்பி ஜாபர் மேல். எங்கள் பத்து மணி அங்கே விடிகாலை ஐந்தரை. அந்த நேரத்திலிருந்து அவன் அய்யலூர் ஆட்டுச் சந்தையில், புழுக்கையை மிதித்துக்கொண்டு, டீக்கடை டிவியில் அதே மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெஸ்ட் நடக்கும் மைதானம் எதையும் அவன் வாழ்க்கையில் கண்ணால் பார்த்தது கிடையாது. அவன் அல்லவா என்மேல் பொறாமைப்பட வேண்டும்?

இந்த நாட்டுக்கு வந்து இருபத்து நான்கு வருடமாகிறது. ரயில் பணிமனையில் பிரேக் சரிபார்க்கிற வேலை. வெளிநாட்டில் இருப்பவனைப் பார்த்து ஊரில் இருப்பவன் பொறாமைப்படுவதைப் பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது. அதன் மறுபக்கத்தை யாரும் வெளியே சொல்வதில்லை, வெட்கமாக இருக்கும். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பொறாமை இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னை ஒரு கெட்ட காரியம் செய்ய வைத்தது. அதை இன்றைக்கு எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

2

டிக்கெட் எடுத்தது நஸ்ரின். அவளுக்கு இருபத்தைந்து வயது. பெர்த்தில் வேலை கிடைத்து சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தாள். அது இந்த நாட்டின் அந்தக் கோடி. விமானத்திலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல். அவள் அறையில் பத்து நாளாக அட்டைப்பெட்டிகள். போவதற்கு முன் "அத்தா, நாம ரெண்டு பேரும் ஒரு நாள் டெஸ்ட் பாக்கலாம்" என்று அவளாகவே சொன்னபோது, எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் தகப்பனை அத்தா என்போம். தகப்பனின் தம்பி சின்னத்தா. பெண் பிள்ளையைச் செல்லமாக 'த்தா' போட்டுக் கூப்பிடுவதும் உண்டு.

அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துகொண்டேதான் வந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு நானும் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். டெஸ்ட் மேட்ச் என்றால் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் பேசுவதற்கு எவ்வளவோ இடம் இருக்கிறது. என்னென்ன பேசலாம் என்று முதல் நாள் படுக்கையில் ஒரு பட்டியலே போட்டுவைத்தேன்.

எங்கள் இருக்கை கடைசி வரிசை. பின்னால் சிமெண்டுச் சுவர். "இவ்வளவு மேல ஏம்மா எடுத்த?" என்று கேட்டேன். அவள் முன் இருக்கையின் முதுகில் செல்போன் ஸ்டாண்டை மாட்டினாள். முதல் பந்து போடுவதற்குள் வீடியோ அழைப்பு போய்விட்டது. திரையில் ஜாபர். தலையில் குல்லா, தோளில் பச்சைத் துண்டு, அவன் பின்னால் இரண்டு வெள்ளாடு.

"சின்னத்தா! ஆடு அம்புட்டும் வந்திருச்சா?"

"வந்திருச்சுத்தா. மழை பேஞ்சு ஒரே சகதி. டாஸு என்னாச்சு, நம்ம பௌலிங்கா?"

அம்புட்டு! என்னிடம் ஒற்றை வார்த்தை பேசுகிறவள், அவனிடம் அம்புட்டும் பேசுகிறாள். ஒன்பது வயதில் பள்ளி விடுமுறைக்கு அவளை இரண்டு மாதம் ஊரில், எங்கள் பேகம்பூர் வீட்டில் விட்டுவைத்தோம். மாடியில் டென்னிஸ் பந்தை வைத்து அவன்தான் அவளுக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுத்தான். ஸ்கோர் நோட்டு எழுதவும் பழக்கினான். அவள் தமிழும் கிரிக்கெட்டும் அந்த இரண்டு மாதத்தில் வந்தவை. நான் அவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவன், அவ்வளவுதான்.

"அத்தா, செத்த இந்தப் பக்கம் நகருங்க. உங்க மூஞ்சி பாதிதான் தெரியுதாம்" என்றாள் நஸ்ரின்.

தம்பி என் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறானே என்று, பொறாமைக்கு நடுவிலும் கொஞ்சம் குளிர்ந்துபோய் நகர்ந்து உட்கார்ந்தேன்.

3

ஆட்டம் தொடங்கியதும் அவர்கள் இருவருக்குள்ளும் ஏற்கெனவே ஒரு சட்டம் இருப்பது தெரிந்தது. அய்யலூர் டீக்கடை டிவிக்குப் படம் போய்ச் சேர எப்படியும் நாற்பது விநாடி ஆகிறது. இங்கே விக்கெட் விழுந்து, அடுத்த ஆள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கும்போதுதான் அங்கே பந்து வீச்சாளர் ஓடியே வருவார். வீடியோ அழைப்புக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால் பந்து போடும்போது நஸ்ரின் ஒலியை அணைத்துவிடுவாள். மைதானத்தின் கூச்சல் அவனுக்குக் கேட்டுவிடக் கூடாது. கடைசி வரிசையும் அதற்காகத்தான். பின்னால் ஆள் இருந்தால், அவர்கள் எழுந்து குதிப்பதைப் பார்த்து சின்னத்தா கண்டுபிடித்துவிடுவாராம். அவளும் முகத்தை நோட்டுக்குள் கவிழ்த்துக்கொள்வாள்.

நம் பௌலிங்தான்; நாலாவது ஓவரிலேயே முதல் விக்கெட் விழுந்தது. பந்து வெளியே போகிற மாதிரி போய் மட்டையின் விளிம்பைத் தொட்டது. இரண்டாவது ஸ்லிப்பில் நின்றவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். என்னை அறியாமல் எழுந்து கையைத் தூக்கிவிட்டேன். திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் எழவில்லை. நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், சோம்பல் முறிப்பதுபோல இறக்கி உட்கார்ந்தேன்.

மைதானமே கத்தி ஓய்ந்து உட்கார்ந்தபிறகு, செல்போனில் ஜாபர் துள்ளினான். உடனே இவளும் துள்ளினாள். ஒலியைத் திறந்துவிட்டு இரண்டு பேரும் ஒரே கூச்சல். முன் வரிசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார். இப்போது என்ன விழுந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வயிற்றெரிச்சல் வேண்டும்? விக்கெட் விழுந்தது என் கண் முன்னால். மகள் இருப்பது என் தோளுக்குப் பக்கத்தில். ஆனால் அவள் சந்தோஷப்படுவது அய்யலூர் நேரத்தில்.

4

ஜாபருடைய தொழில், எங்கள் அத்தாவுடைய தொழில். முறையாகப் பார்த்தால் மூத்தவனான எனக்கு வந்திருக்க வேண்டியது. வராமல் போனதற்குக் காரணம் என் முகம்.

ஆட்டுச் சந்தையில் மொத்த வியாபாரிகள் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து அழுத்துவதுதான் விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. விலை படியாமல் போனாலும், எவ்வளவு கேட்டான், எவ்வளவு சொன்னான் என்று வெளியே பேச மாட்டார்கள். துண்டுக்குள் நடந்தது துண்டோடு போயிற்று.

பதினேழு வயதில் அத்தா என்னை முதல் தடவையாகத் துண்டுக்குள் கைவைக்கச் சொன்னார். செம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவருடைய ஆறு கிடா. அவர் என் விரலை அழுத்தியதும் ஆச்சரியமாகப் போய்விட்டது, அவ்வளவு குறைந்த விலை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை உருவிக்கொண்டு போய்விட்டார்.

"ஏலே, துண்டப் போட்டுக் கைய மறைச்சா மட்டும் போதுமா? ஒம் மூஞ்சிக்கு எந்தத் துண்டப் போடுறது?" என்றார் அத்தா. சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுவாரமே என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கப் பணம் கட்டினார். மூத்தவனைக் கஷ்டப்பட்டுப் படிக்கவைத்த தகப்பன் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் புகழ்கிறார்கள். என்னை எதற்கும் லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஜாபர் மீசை முளைத்ததும் துண்டைத் தோளில் போட்டான். அவன் முகத்தில் இடி விழுந்தாலும் ஒன்றும் தெரியாது.

பிறகு நான் படித்தேன், வேலைக்கு வந்தேன், பிரஜையானேன். நாலு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது ஜாபர் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனான். ஒரு செம்மறியின் காலைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். உடனே 'சாரி' என்று சொல்லிவிட்டேன், ஆட்டிடம். பக்கத்தில் நின்ற வியாபாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜாபர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததும் எனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கியது.

5

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஜாபரை இங்கே ஒரு டெஸ்ட் பார்க்க வரவழைக்கலாம் என்றாள் நஸ்ரின். நானும் சரி என்றேன். சுற்றுலா விசாவுக்கு அவன் சார்பாக நான்தான் இணையத்தில் விண்ணப்பம் போட்டேன். உங்களுக்குத் தெரியாதா என்ன, அது ஒரு பெரிய ரோதனை. பிறந்த தேதிக்கு ஒரு சான்று, அதிலுள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றுதான் என்பதற்கு இன்னொரு சான்று. அவன் பெயருக்குப் பின்னால் அத்தா பெயரை எழுதியிருப்பதால், அது குடும்பப் பெயரா என்று கேட்டு ஒரு கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே, தொழில் செய்வதற்கு ஆதாரம் கேட்டார்கள். ரசீது, ஒப்பந்தம், ஏதாவது ஒரு காகிதம். விரலை அழுத்தி வியாபாரம் பண்ணுகிறவனிடம் காகிதத்துக்கு எங்கே போவது?

ஜாபர் விடவில்லை. சந்தைக் குத்தகைக்காரரைப் பார்க்க நாலு நாள் நடந்து, 'இவர் எங்கள் சந்தையில் இத்தனை வருடமாக ஆட்டு வியாபாரி' என்று கடிதம் வாங்கினான். அதை ஆங்கிலத்தில் எழுதவைத்து, முத்திரை குத்தி, நோட்டரி கையெழுத்து வாங்கி, பழனி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பினான். "அண்ணே, இது போதுமாண்ணே?" என்று குரல் செய்தி வேறு.

போதும். நன்றாகவே போதும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நஸ்ரின் சொன்னாள்: "சின்னத்தா வந்ததும் முதல் நாள் நானும் அவரும் மட்டும் கிரவுண்டுக்குப் போறோம். நீங்கள்லாம் அடுத்த நாள் வாங்க." விளையாட்டாகத்தான் சொன்னாள். சாப்பிட்டு முடித்து கணினியைத் திறந்தேன். கடிதத்தை ஏற்றுகிற பக்கம் வரை போனேன். அனுப்புவதற்கு ஒரே ஒரு பொத்தான் பாக்கி. அமுக்கவில்லை, மூடிவைத்துவிட்டேன். நாளைக்கு அனுப்பலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதையே சொன்னேன். கடைசித் தேதி எனக்கு நன்றாகத் தெரியும், பணிமனைக் காலண்டரில் குறித்துவைத்திருந்தேன். அந்தத் தேதியும் போயிற்று. விசா மறுக்கப்பட்டது.

"எல்லாத்தையும் அனுப்புனேன்டா. ஒத்துக்க மாட்டேங்குறாங்க" என்று வீடியோ அழைப்பில் ஜாபரிடம் சொன்னேன்.

"விடுண்ணே. நம்ம கொடுப்பினை அம்புட்டுதான்" என்றான். நஸ்ரின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆமினா அதிகாரிகளைத் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

6

மதிய இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் மந்தமானது. இரண்டு பேர் நிலைத்து நின்று கட்டை போட்டார்கள். என் பட்டியலைப் பேச இதுதான் சமயம் என்று, "பெர்த்துல வீட்டுக்குப் பக்கத்துல கடை கண்ணி இருக்கா?" என்று ஆரம்பித்தேன். "இருக்கு" என்றாள். ஓவர் முடிந்ததும் செல்போனைத் திறந்து, "சின்னத்தா, அந்தப் பௌலர் தோள் கொஞ்சம் இறங்குதுல்ல?" என்றாள். "ஆமாத்தா, களைச்சிட்டான். அடுத்த ஓவர் மாத்திருவாங்க பாரு" என்றான் அவன். மாற்றினார்கள்.

அவன் அதையெல்லாம் சகதியில் நின்றுகொண்டு சொன்னான். நடுநடுவே ஒரு கை துண்டுக்குள் போய்விடும். முகம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், துண்டுக்குள் ஒரு ஆட்டின் விலை படிந்துவிடும். ஒருத்தர் வந்து, "பாய், சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் என்ன வாங்கட்டும்?" என்று கேட்பார். இன்னொருத்தர் தோளில் கைபோட்டு ஸ்கோர் கேட்பார். எனக்குப் பணிமனையில் பதினாறு வருடமாகக் கூட வேலை பார்க்கிறவனின் மனைவி பெயர் தெரியாது.

தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், நம் இடது கை சுழற்பந்து வீச்சாளர் அந்த ஜோடியைப் பிரித்தார். பந்து திரும்பி காலில் பட்டது. நடுவர் விரல் மேலே போயிற்று. மைதானமே எழுந்து நின்றது; என் மகள் நோட்டுக்குள் குனிந்துகொண்டாள். எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. கையை நீட்டி செல்போன் ஒலியைத் திறந்து கத்தினேன்.

"எல்பிடபிள்யூடா! அவுட்டு! போயிட்டான்!"

நஸ்ரின் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "ஏன்த்தா இப்படிப் பண்றீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள்!" என்றாள். கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு நாள். நானும் அதையே அல்லவா நினைத்துக்கொண்டு வந்தேன்!

ஜாபர் எந்தச் சலனமும் இல்லாமல் திரையைப் பார்த்தான். "விடுத்தா. நேர்ல பாக்குறவருக்கு வாய் சும்மா இருக்குமா?" என்றான். நாற்பது விநாடி கழித்து அங்கேயும் விக்கெட் விழுந்தது. அவன் ஒப்புக்குக் கை தட்டினான். நஸ்ரின் நோட்டை மூடிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று இறங்கிப் போனாள்.

7

அவள் திரும்பி வரும்போது தேநீர் இடைவேளை. அங்கே சந்தை கலைந்துவிட்டது. வாங்கிய ஆடுகளை வண்டியில் ஏற்றிவிட்டு, வியாபாரிகள் டீக்கடையில் கூடியிருந்தார்கள். செல்லமுத்து என்று ஒருவர், ஜாபருடைய பல வருடக் கூட்டாளி, ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். செல்போனைப் பிடுங்கித் தன் முகத்தை முழுக்கத் திரைக்குள் கொண்டுவந்தார்.

"ஏனுங்க அண்ணா, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேனுங்க. செத்த தள்ளி உக்காருங்க. உங்களால எங்களுக்கு ஒன்பது டீ போச்சுங்க!"

எனக்குப் புரியவில்லை. நஸ்ரினுக்கும் புரியவில்லை. பின்னால் பத்துப் பேர் சிரித்தார்கள்.

"காலையிலிருந்து பாய் பந்தயம் கட்டறாருங்க. பௌலர் ஓடி வரப்பவே 'இந்தப் பந்துல விழும்'ங்கறாரு, விழுகுது. 'இது நாலு'ங்கறாரு, நாலு போகுது. வாக்குச் சொல்ற அவுலியா கணக்கா சொல்றாரேன்னு நாங்களும் வாயப் பொளந்துட்டு டீ வாங்கிக் குடுத்தோம். இப்பத்தானுங்க கண்டுபுடிச்சோம். டிவியப் பாக்கறதே இல்ல மனுசன். உங்க மூஞ்சியப் பாக்கறாரு!"

ஜாபர் செல்போனை வாங்கிக்கொண்டான். அன்று முழுவதும் முதல் முறையாக அவன் முகத்தில் நிஜமான சிரிப்பு பிடிபட்டது.

"அப்ப என்கூட நடிச்சீங்களா சின்னத்தா? விக்கெட் விழுந்ததும் குதிச்சது எல்லாம்?" நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"நீ மூஞ்சியக் கவுத்தி வச்சுக்கிட்டு அம்புட்டுப் பாடு படுற. தெரியும்னு சொன்னா ஒனக்குச் சப்புன்னு போயிருமேத்தா. ஆட்டுக்காரனுக்கு இது என்ன பெரிய விசயமா?"

"அத்தா மூஞ்சில அவ்வளவு தெரியுதா?"

"தெரியுதாவா? விக்கெட்டுன்னா இடது புருவம் ஏறும். ஃபோருன்னா வாய் கோணும். கேட்ச விட்டாங்கன்னா கண்ண மூடிக்கிருவாரு. அண்ணன் மூஞ்சி எனக்குப் பொறந்ததுலேர்ந்து பாடமாச்சே."

நஸ்ரின் சிரித்து இருக்கையில் சாய்ந்தாள். கோபமெல்லாம் போய்விட்டது. என் தோளில் தலையை முட்டி முட்டிச் சிரித்தாள். அவள் என் தோளில் சாய்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அந்தச் சந்தோஷத்தில் நானும் சிரித்தேன்; கொஞ்ச நேரம்தான்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. கடைசி வரிசை, உள்ளங்கை அளவு திரை, அதிலும் ஓரத்தில் என் முகம். அதைப் பார்த்தே விக்கெட்டா, ஃபோரா, கைநழுவிய கேட்சா என்று சொல்கிறவன் இவன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரை முழுக்க என் முகம் மட்டும் இருக்க, 'எல்லாத்தையும் அனுப்புனேன்டா' என்று இவனிடம்தான் சொன்னேன்.

8

கடைசிப் பகுதி ஆட்டத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. மேலும் இரண்டு விக்கெட் விழுந்ததாம். புருவத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீக்கடையில் அதற்கும் சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்தது. நஸ்ரின் நோட்டில் கணக்கைச் சரிபார்த்து, கீழே கோடு போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். ஸ்டாண்டிலிருந்து செல்போனைக் கையில் எடுத்தேன். ஜாபர் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஜாபரு."

"சொல்லுண்ணே."

"அந்த விசா... அந்தச் சந்தைக்காரர் கடிதம்..."

"தெரியும்ணே."

"எப்பருந்து?"

"நீ சொன்ன அன்னைக்கே."

"அப்புறம் ஏண்டா ஒரு வார்த்தை கேக்கல? நஸ்ரின்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் வண்டிக்கு வெளியே பார்த்தான். "துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்ற பழக்கம் நமக்கு இல்லையேண்ணே" என்றான். பிறகு, "சரி, வாரேன். வெயில் ஏறுது, ஆடு தாங்காது" என்று சொல்லி வைத்துவிட்டான்.

9

மன்னித்துவிட்டான், பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். திட்டாமல் இதிலும் அவனே பெரிய மனுசனாகிவிட்டான். ரயிலில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதுதான் எரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நஸ்ரினின் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரவுச் சாப்பாடு, மூடிவைத்த கணினி, காலண்டரில் குறித்திருந்த தேதி எல்லாவற்றையும். ஆமினா கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நஸ்ரின் நீண்ட நேரம் பெட்டி ஒட்டும் டேப்பைப் பிய்த்துப் பிய்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "என்கிட்டயே கேட்டிருக்கலாமேத்தா, நானும் வர்றேன்னு" என்றாள் கடைசியில். தமிழில்தான் சொன்னாள்.

பிறகு அவளே என் கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். புது விண்ணப்பம். பெயர், தகப்பன் பெயர், அது குடும்பப் பெயர் அல்ல என்கிற விளக்கம், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கடிதம் இரண்டு வருடமாக என் கணினியில் அப்படியே கிடந்தது. பழையதுதான். இப்போதைக்கு இதையே வைக்கலாம், புதிது கேட்டால் ஜாபர் மறுபடி நடப்பான். விசா கிடைத்தால் அவன் வருவான். நஸ்ரின் பெர்த்திலிருந்து பறந்து வருவாள். மைதானத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவில் அவன்தான் உட்காருவான். அதை நினைத்ததும் பழையபடி வயிறு எரிந்தது. எரிய எரியப் பொத்தானை அமுக்கினேன்.

ஜாபருக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அவன் ஆட்டுப் பட்டியை அடைத்துக்கொண்டிருந்தான்.

"அனுப்பிட்டேன்டா" என்றேன்.

அவன் பட்டிக் கதவைப் பாதியில் விட்டுவிட்டு, செல்போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆமாண்ணே, அனுப்பிட்ட" என்றான்.